மாவுக்கட்டும் ஒரு வரி அறிக்கையும்

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து 34 வயது வாசகி எழுதியிருக்கிறார். ஆறு பக்கக் கடிதம். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன்.

அவருடைய தம்பிக்கு 26 வயது, கூரியர் டெலிவரி வேலை. நான்கு மாதங்களுக்கு முன் அந்த ஊரில் ஒரு செயின் பறிப்பு நடந்தது. பறித்தவன் ஓட்டிய பைக்கும் தம்பியின் பைக்கும் ஒரே மாடல், ஒரே நிறம். மாலை 7 மணிக்கு வந்து, "சும்மா விசாரிச்சிட்டு விட்டுடுவோம்" என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். வீட்டுக்குத் தகவல் சொல்லவில்லை, அவருடைய போனையும் வாங்கி அணைத்துவிட்டார்கள். மறுநாள் மதியம் உண்மையான ஆள் பக்கத்து ஊரில் சிக்கிவிட்டான். உடனே இரண்டு வெள்ளைத் தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தம்பியை அனுப்பிவிட்டார்கள். வலது முன்கை எலும்பு முறிந்து மாவுக்கட்டு. அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகலில்), கழிவறையில் வழுக்கி விழுந்ததாக ஒரே வரி.

இந்த வாசகியின் அப்பா காவல்துறையில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லையாம். அப்புறம், "இதே வரியை நானும் எழுதியிருக்கேம்மா" என்றாராம். ஆனாலும் வழக்குப் போட வேண்டாம் என்கிறார். "அரசாங்கம் அனுமதி தராம போலீஸ் மேல கேஸ் நிக்காது. நிக்கவும் கூடாது. அந்தப் பாதுகாப்பு இல்லேன்னா எவன் லத்தியைத் தொடுவான்?" என்பது அவர் வாதம். தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர், மூன்று மாதம் தாண்டிவிட்டதால் எல்லாம் முடிந்தது என்கிறார். 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட்டதால் சட்டப்படி தப்பே இல்லை என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரிச் செலவை வாங்கித் தருகிறேன், பெரிசாக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில் வாசகி இப்படி எழுதியிருக்கிறார்: "கைதிகள் மாவுக்கட்டோடு நிற்கிற போட்டோக்களை நானே வாட்ஸாப்பில் சிரிப்பு பொம்மை போட்டு அனுப்பியிருக்கிறேன். இப்போது நியாயம் கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா?"

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்குத் தகுதி இருக்கிறது. அந்தப் போட்டோவுக்குச் சிரித்தவர்கள் இந்த மாநிலத்தில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது, அந்த இடத்திலேயே மக்கள் போலீஸ்காரர்கள்மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் விசாரித்து, அது வேண்டுமென்றே நடத்தப்பட்ட துப்பாக்கிச்சூடு என்றும், 10 போலீஸ்காரர்கள்மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் சொன்னது. அந்த அறிக்கை 2022ல் வெளிவந்தபோது பூத்தூவியவர்கள் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. நீதிமன்றத்தில் வழக்கு பத்து வருடம் இழுத்தால் ஜனங்கள் லத்தியில் நியாயம் தேடுகிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் லத்திக்கு ஆள் அடையாளம் தெரியாது என்பதை உங்கள் வீடு இப்போது நேரில் பார்த்துவிட்டது.

அந்த வழுக்கும் கழிவறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள், போலீஸ்காரர்கள் யாரும் விழுவதில்லையா என்று 2025ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகளே ஒரு வழக்கில் கேட்டார்கள். ஆகவே ஏ.ஆர். காப்பியில் இருக்கும் வரியைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். அந்த வரியைப் படித்து எந்த நீதிபதியும் அப்படியே நம்பிவிடும் காலம் போய்விட்டது.

அரசு அனுமதி: அப்பா சொல்வதில் பாதி சரி

அப்பா சொல்லும் பாதுகாப்பு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197வது பிரிவாக இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் அது 218வது பிரிவு. கடமையைச் செய்யும்போது செய்த காரியத்துக்காக ஓர் அரசு ஊழியர்மேல் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் அரசின் முன் அனுமதி தேவை என்கிறது அது. இப்படி ஒரு பாதுகாப்பு இருக்கத்தான் வேண்டும். இரண்டு போலீஸ்காரர்களுக்காக நானே வாதாடியிருக்கிறேன். ஒருவர் மணல் லாரியைப் பிடித்தவர். அடுத்த வாரமே அவர்மேல் நாலு தனிப் புகார்கள் வந்து விழுந்தன. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் அவர் பாதி நாட்களைக் கோர்ட் வராந்தாவிலேயே கழித்திருப்பார்.

ஆனால் அப்பா சொல்லாமல் விட்ட மீதிப் பாதியைக் கேளுங்கள். முதலாவது, அரசால் மட்டுமே வேலையிலிருந்து நீக்கப்படக்கூடியவர்களுக்குத்தான் அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தும். ஏட்டையோ எஸ்.ஐ.யையோ நீக்கும் அதிகாரம் காவல்துறை உயரதிகாரிகளிடமே இருக்கிறது. மைசூர் மாநில எஸ்.ஐ. ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960களிலேயே இந்தக் காரணத்தைச் சொல்லி, அனுமதி தேவையில்லை என்று தீர்த்துவிட்டது. மாநில அரசு தனியாக அறிவிக்கை போட்டு இந்தப் பாதுகாப்பைக் கீழ்நிலைக் காவலர்களுக்கும் நீட்டலாம் என்று அதே பிரிவில் ஓர் உட்பிரிவு உண்டு. எதிர்த் தரப்பு வக்கீல் அதைக் கையில் எடுப்பார். உங்கள் வக்கீல் அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

இரண்டாவதுதான் முக்கியம். செய்த காரியத்துக்கும் கடமைக்கும் நியாயமான தொடர்பு இருக்க வேண்டும். கலவரத்தில் கூட்டத்தைக் கலைக்க அடித்த அடி கொஞ்சம் கூடிப்போனால் தொடர்பு இருக்கிறது என்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, கைதுக் குறிப்பேட்டில் பெயர்கூட ஏற்றாத ஒருவனின் கையை முறிப்பது எந்தக் கடமையில் சேரும்? இந்தக் கோட்டை நீதிமன்றங்கள் எல்லா வழக்கிலும் ஒரே இடத்தில் போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2020ல் கர்நாடக வழக்கு ஒன்றில், வரம்பு மீறிய செயலாக இருந்தாலும் கடமையோடு தொடர்பிருந்தால் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கில் சண்டை இந்த இடத்தில்தான் நடக்கும்.

மூன்றாவது, அனுமதி என்பது நீதிமன்றம் வழக்கை எடுக்கும் கட்டத்தில் எழும் கேள்வி. உயரதிகாரியிடமோ மனித உரிமை ஆணையத்திடமோ புகார் கொடுக்கவும் சாட்சியம் திரட்டவும் யார் அனுமதியும் வேண்டாம். புதிய சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. அனுமதி கேட்ட கடிதம் கிடைத்த 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கருதப்படும். ஃபைலை அலமாரியில் போட்டுப் பூட்டுகிற பழைய வித்தை இனி அவ்வளவு எளிதாகச் செல்லாது.

அதே புதிய சட்டம் வேறொரு கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்தியும் இருக்கிறது. கடமையின்போது செய்த குற்றம் என்று சொல்லி நீங்கள் மாஜிஸ்திரேட்டிடம் நேரடியாகப் புகார் கொடுத்தால், 223வது பிரிவின்படி அந்த அதிகாரி தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், அவருடைய மேலதிகாரியிடம் அறிக்கையும் கேட்க வேண்டும். அதற்கு முன் வழக்கை எடுக்க முடியாது. இது பழைய சட்டத்தில் இல்லாத கவசம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை என்பது எனக்கு வருத்தம்.

மூன்று மாதமும் 24 மணி நேரமும்

குமாஸ்தா சொன்ன மூன்று மாதக் கெடு காற்றில் பிறந்ததல்ல. 1859ஆம் ஆண்டின் மாவட்டக் காவல் சட்டத்தில் 53வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் செய்த காரியங்களுக்காகப் போலீஸ்மேல் வழக்குப் போட மூன்று மாதம் கெடு என்பது அதன் சாரம். ஆனால் ஆந்திரத்தில் சந்தேகத்தின்பேரில் பிடித்த ஒருவரைப் போலீஸார் அடித்த வழக்கில் இதே வாதத்தை வைத்தபோது, உச்ச நீதிமன்றம் 1963ல் அதைத் தள்ளிவிட்டது. வாக்குமூலம் வாங்க அடிப்பது அந்தச் சட்டத்தின் கீழ் செய்யும் காரியமே அல்ல, எனவே அந்தக் கெடு பொருந்தாது என்றது. அறுபது வருடமாகியும் குமாஸ்தாவுக்கு அந்தத் தீர்ப்பு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

வாக்குமூலம் வாங்கவோ பொருளை மீட்கவோ எலும்பு முறியும்படி அடிப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 120வது பிரிவில் வருகிறது. பத்து ஆண்டு வரை சிறை. இதில் மாஜிஸ்திரேட்டை அணுகக் காலக்கெடு கிடையாது. நீங்கள் கவனிக்க வேண்டிய கெடு வேறு: மனித உரிமை ஆணையம் சம்பவம் நடந்து ஓராண்டுக்கு மேல் ஆனதை விசாரிக்காது. உங்களிடம் எட்டு மாதம் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரரின் 24 மணி நேரக் கணக்குக்கு வருகிறேன். முறையாகக் கைது செய்தவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தத்தான் அந்த அவகாசம். காரணமும் சொல்லாமல், வீட்டுக்கும் தகவல் தராமல், கைதுக் குறிப்பும் எழுதாமல் ஒருவரை ஒரு ராத்திரி வைத்திருக்க அது லைசென்ஸ் அல்ல. 1996ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட 11 கட்டளைகள் இதைப் பற்றியவைதான். இப்போது அவற்றில் பெரும்பாலானவை சட்டத்திலேயே ஏறிவிட்டன. 18 மணி நேரமானாலும் சட்டவிரோதக் காவல் சட்டவிரோதக் காவல்தான்.

முன்னால் இருக்கும் வழிகள்

முதலில் செய்ய வேண்டியது சி.சி.டி.வி. பதிவைக் காப்பாற்றுவது. எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், கருவிக்கு அவ்வளவு திறன் இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில்தான் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனும் மகனும் காவலில் சித்திரவதைப்பட்டு இறந்தார்கள். அந்த ஸ்டேஷனுக்குப் போன மாஜிஸ்திரேட் பார்த்தபோது ஹார்டு டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது. பதிவு மட்டும் அன்றன்றைக்குத் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதனால் தேதி, நேரம் குறிப்பிட்டு, அந்த இரண்டு நாள் பதிவையும் அழிக்காமல் வைக்கும்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் இன்றைக்கே எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேளுங்கள். பெரும்பாலும் மறுப்பார்கள். மறுத்த கடிதத்தையும் பத்திரமாக வையுங்கள், உயர் நீதிமன்றத்தில் அதுவும் ஓர் ஆவணம்.

அடுத்தது மருத்துவம். தம்பியை வேறொரு எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போய், பழைய எக்ஸ்ரேயைக் காட்டி, இது எந்த மாதிரி அடியால் வரக்கூடிய முறிவு என்று எழுத்தில் வாங்குங்கள். விழும்போது தரையில் ஊன்றிய கைக்கும், தடியை மறிக்கத் தூக்கிய கைக்கும் எலும்பு முறியும் இடம் பெரும்பாலும் மாறும். டாக்டருக்கு அது தெரியும். தம்பியும் அன்று நடந்ததை அவர் வார்த்தையிலேயே எழுதித் தேதி போட்டு வைக்கட்டும். எந்த அறை, யார் யார், என்ன கேட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்களா, எல்லாமே. அந்த இரண்டு வெள்ளைத் தாள் விஷயத்தை எஸ்.பி.க்கு எழுதும் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் அவற்றில் என்ன முளைத்தாலும் பதில் சொல்ல அது உதவும்.

மனித உரிமை ஆணையத்துக்குத் தம்பி சார்பில் நீங்களே புகார் எழுதலாம், வக்கீல்கூடத் தேவையில்லை. ஆணையம் சொல்வது வெறும் பரிந்துரை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இழப்பீட்டுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும் வழியும் உண்டு. காவலில் நடந்த உரிமை மீறலுக்கு அரசே பணம் தர வேண்டும் என்பது 1993ல் நீலாபதி பெஹெரா வழக்கிலிருந்து நிலைத்துவிட்ட சட்டம். மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் என்பது இருப்பதிலேயே மெதுவான, கடினமான பாதை. அதைக் கடைசியில் வையுங்கள் என்பேன். என் சக வக்கீல்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அந்தப் பிரமுகரின் சமரசத்தைப் பற்றி: 120வது பிரிவு சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் அல்ல. பணம் வாங்கினால் சட்டப்படி வழக்கு சாகாது, ஆனால் தம்பியின் சாட்சியம் பலவீனப்படும். அதற்காக, வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். டெலிவரி வேலைக்குப் போகும் ஒருவனுக்கு வலது கை நான்கு மாதம் முடங்கினால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் குடும்பம் பேசி எடுக்க வேண்டிய முடிவு அது. பணம் வாங்கினாலும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆபத்துகளும் இருக்கின்றன. பதில் வழக்குப் போட முயலலாம், பாஸ்போர்ட் விசாரணை இழுக்கலாம், பைக்கை வழிமறித்து ஃபைன் எழுதிக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொன்றையும் தேதியோடு குறித்து வையுங்கள். வக்கீலுக்கு வழியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி ஆணையத்தை அழையுங்கள். பெண் என்பதால் உங்கள் பெயரில் கேட்டால் வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

லத்தியைத் தொடுவது யார்

அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. காவல் சீர்திருத்தம் என்றாலே போலீஸுக்கு எதிரி என்று துறையில் பலர் நினைக்கிறார்கள். 2006ல் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் போட்ட வழக்கைத் தொடுத்தது யார்? உத்தரப் பிரதேசத்தில் டி.ஜி.பி.யாக இருந்த பிரகாஷ் சிங். எஸ்.பி.க்கும் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கும் இரண்டு ஆண்டாவது நிலையான பணிக்காலம், இடமாற்றத்துக்குத் தனி வாரியம், சட்டம் ஒழுங்கையும் புலனாய்வையும் பிரிப்பது. எல்லாமே அரசியல்வாதியின் ஒரு போனுக்குப் பயந்து நிற்கும் அதிகாரியைக் காப்பாற்றும் விஷயங்கள். அதே கட்டளைகளில் புகார்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையமும் இருந்தது. தமிழ்நாடு 2013ல் போட்ட சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும், மாவட்டத்துக்கு கலெக்டரையும் தலைவராக்கி, பக்கத்தில் போலீஸ் அதிகாரிகளையே உறுப்பினராக உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே போய் உங்களுக்கு நியாயம் கிடைக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் மேலே உள்ள வழிகளில் அதைச் சேர்க்கவில்லை.

காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். என்ற ஆய்வு நிறுவனமும் 2019ல் 21 மாநிலங்களில் சுமார் 12,000 காவலர்களிடம் ஆய்வு நடத்தின. சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை, பாதிப்பேருக்கு வார விடுப்பு இல்லை. அதே ஆய்வில் நான்கில் மூன்று பேர் குற்றவாளிகளை அடிப்பது சரிதான் என்றார்கள். தூங்காத மனிதன், கையில் தடி, "ராத்திரிக்குள்ள ரெக்கவரி காட்டு" என்று மேலிருந்து போன். உங்கள் தம்பியின் கை முறிந்தது இப்படி ஒரு ராத்திரியில்தான் என்று நினைக்கிறேன். அடித்தவரை இது விடுவிக்காது. அடிக்க வைத்தவர் எங்கே இருக்கிறார் என்பதையும் காட்டும்.

இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள். சாத்தான்குளத்தில் அந்த ராத்திரி நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் ஒரு பெண் தலைமைக் காவலர். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவே அவர் பயந்தார் என்று மாஜிஸ்திரேட் எழுதினார். சக போலீஸ்காரர்கள் வெளியே கூடி நின்றார்கள். அடித்தவருக்காக வாதாட 218வது பிரிவு இருக்கிறது, பார்த்ததைச் சொன்னவருக்கு அன்றைக்கு என்ன பாதுகாப்பு இருந்தது? சட்டத்தில் காவலர்களுக்கு இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் முதலில் அந்த இடத்தில்தான் வேண்டும்.

அப்பா இந்த வழக்குக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அவரிடம் ஒரே ஓர் உதவி கேளுங்கள். ஒருவரை ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருந்தால் எந்தெந்தப் பதிவேட்டில் அந்த ராத்திரியின் தடயம் விழும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருக்க மாட்டார். பொது நாட்குறிப்பு, வாசலில் காவல் நிற்கும் பாரா டூட்டிப் பட்டியல், ஜீப் லாக் புக், நைட் ரவுண்ட்ஸ் வந்த அதிகாரியின் குறிப்பு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன காவலரின் பாஸ்போர்ட் என்று துறையில் சொல்லும் அந்தச் சீட்டு. எது எங்கே இருக்கும், எத்தனை நாள் இருக்கும் என்று அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதித் தரட்டும். வக்கீலைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளை ஏ.ஆர். காப்பிக்கு மேலே வைத்து எடுத்துப் போங்கள்.